தொண்ணூற்று மூன்றாம் பக்கம்

அக்குறணை
14.05.2023

அன்புள்ள ஸக்கியா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் இப்போதாவது சொல்வழி கேட்கிறதா? என் காது கேட்பதாயில்லை. டெலிபோனில் பேசினால் இரண்டு பேரும் கத்திக் கத்திக் கடைசியில் சண்டையில் முடிகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் பேரப்பிள்ளைகள் முதலில் வாசித்துவிடுகிறார்கள். அக்குறணைக்கும் கல்முனைக்கும் நடுவில் கடதாசிதான் நமக்குச் சரி.

என் புத்தகம் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஒரு பிரதி இத்துடன் வருகிறது. 'பித்தளையும் பீங்கானும்: பழம்பொருள் சேகரிப்போர் கைந்நூல்'. இத்தனை வருஷம் ஆணியும் தகரமும் விற்றவன் இப்படியொன்றை எழுதுவான் என்று நம் ஊரில் யார் நினைத்தார்கள்? வெளியீட்டு விழாவுக்குக் கண்டியில் மண்டபம் நிறைந்துவிட்டது. சேகரிப்பாளர்களுக்கென்று இப்படி ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தான் கண்டதில்லை என்று தலைமை தாங்கியவர் சொன்னார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன், மறுத்துப் பேசவில்லை.

அட்டையில் இருக்கிற கஜலட்சுமி விளக்கைப் பாருங்கள். என் அலுமாரியில் இருப்பவற்றில் அதுதான் தலைச்சன் பிள்ளை. இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த வார்ப்பு. ஒரு யானைக்குத் துதிக்கை நுனி இல்லை, அதுவும் ஓர் அழகுதான். அது என் கைக்கு வந்த கதை தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. மேடையில் அந்தப் பக்கத்தைத்தான் வாசித்தேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. மச்சானுக்குக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் எழுதவும்.

துஆவை எதிர்பார்க்கும் தம்பி,
முனாப்


கல்முனை
03.06.2023

அன்புத் தம்பி முனாபுக்கு,

வஅலைக்கும் ஸலாம். முழங்கால் கடற்காற்றுக்குப் பழகிவிட்டது, மாடிப்படிக்குத்தான் பழகவில்லை. உன் காதுக்கு டொக்டர் தந்த மெஷினைப் போடுகிறாயா, அல்லது அதையும் பழம்பொருள் என்று அலுமாரியில் வைத்துவிட்டாயா?

புத்தகம் கிடைத்தது. தாள் நல்ல தடிப்பு. படங்கள் கண்ணாடி மாதிரி. நம் உம்மாவின் பீங்கான் கோப்பையை முப்பதாம் பக்கத்தில் பார்த்ததும் கொஞ்ச நேரம் அதிலேயே இருந்துவிட்டேன். அதன் விளிம்பு உடைந்தது உன்னால்தான், அதை நீ எழுதவில்லை.

முதல் அத்தியாயத்தில் "பழைய பித்தளையை ஒருபோதும் புளி போட்டுத் துலக்காதீர்கள், காலம் பூசிய நிறம் போய்விடும்" என்று எழுதியிருக்கிறாய். நான் கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து இந்த வீட்டுப் பித்தளை எல்லாவற்றையும் புளி போட்டுத்தான் துலக்குகிறேன். உன் கணக்கில் நான் பெரிய பாவி. மச்சான் சிரித்த இடம் அது.

பழைய புத்தகம் வாங்கும்போது தாள்களை எண்ணிப் பார்க்கச் சொன்னதும் நல்ல யோசனை. எழுத்துப் பிழை நான் பார்த்த அளவில் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வரப் பார். வெயில்தான், ஆனால் மீன் உண்டு.

ராத்தா,
ஸக்கியா


அம்பிட்டிய
26.06.2023

மதிப்புக்குரிய முனாப் முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்கவேண்டும் என்று எங்கள் வீட்டில் வேண்டாத நாள் இல்லை. இது சம்பிரதாயத்துக்கு எழுதுவதல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

என் பெயர் கிருஷாந்தன். கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. இப்போது அம்பிட்டியவில் வாடகைக்கு இருக்கிறோம். நான் பிறந்தது கலஹாப் பக்கத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு லயத்து ஒற்றை அறையில். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் காம்பராவின் கூரை பறந்துவிட்டது. தோட்டத்தில் கேட்டும் கிடைக்கவில்லை. அந்த அடைமழையில் அக்குறணையிலிருந்து லொறியில் வந்த முனாப் என்ற ஒரு முதலாளி, பிள்ளைகள் நனைவதைப் பார்த்துவிட்டுத் தகரத்தை இறக்கித் தர்மமாகத் தந்துவிட்டுப் போனாராம். அம்மா சொல்லிச் சொல்லி எங்களுக்கு அது மனப்பாடம். இன்றைக்கும் மழை பெய்தால் "அந்த மொதலாளி நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டுவிட்டுத்தான் படுப்பார்.

போன வாரம் பேப்பரில் உங்கள் புத்தகத்தைப் பற்றிய செய்தி வந்தது. அக்குறணை, ஹாட்வெயார் கடை, முனாப். நீங்களேதான் என்று தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் காட்டினேன். பேப்பரை வாங்கி, அதிலிருந்த அட்டைப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

ஓர் உதவி. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு பிரதி அம்மாவுக்கு வேண்டும். அவர் பெயர் பேச்சியம்மா. எழுத்துக் கூட்டி மெதுவாக வாசிப்பார், ஆனால் ஒரு வரி விடமாட்டார். விலையை அனுப்பிவிடுகிறேன்.

அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் அவரும் நன்றி சொல்லியிருப்பார்.

என்றும் நன்றியுள்ள,
இரா. கிருஷாந்தன்


அக்குறணை
04.07.2023

அன்புத் தம்பி கிருஷாந்தனுக்கு,

நலம். உங்கள் தாயாரின் உடல் நலத்துக்கும் இறைவனை வேண்டுகிறேன்.

கடிதம் கிடைத்தது. பழைய விஷயம். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பது எங்கள் மார்க்கம். ஆகவே அதைப் பற்றி நாம் பேசாமல் இருப்பதே நல்லது.

புத்தகத்துக்கு விலை ஒன்றும் வேண்டாம். ஆனால் கைவசம் இருந்த பிரதிகள் முடிந்துவிட்டன. அச்சகத்தில் இன்னும் கொஞ்சம் கட்டுவதற்குக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் அனுப்புகிறேன். கடைகளில் தேடி அலைய வேண்டாம்.

இப்படிக்கு,
அ. மு. முனாப்


அக்குறணை
04.07.2023

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்கிற நிலையில் இல்லை, மன்னியுங்கள்.

கிருஷாந்தன் என்று ஒரு பிள்ளையின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை வாசித்துவிட்டு மீதியை வாசியுங்கள்.

வாசித்தீர்களா? ராத்தா, நான் யாருக்கும் தகரம் தர்மம் செய்யவில்லை. தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிற பெண் அந்தப் பிள்ளையின் தாய். நான் எழுதியதை என் கையாலேயே உங்களுக்குத் திரும்ப எழுதுகிறேன், இப்போதாவது எனக்கு உறைக்கட்டும்:

"வேண்டிய பொருளை ஏறிட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் கிடக்கும் உடைசலுக்கு விலை கேளுங்கள். கலஹாப் பக்கத்து லயம் ஒன்றில் இந்த விளக்கைக் கண்டேன். கூரை இல்லை, மழை கொட்டியது. என் லொறியில் ஒரு பழைய கட்டடத்தில் கழற்றிய தகரம் இருந்தது, ஆணித்துளை விழுந்து இரும்புக்காரனும் வாங்காத தகரம். அந்தப் பெண் தகரத்தைப் பார்த்த பார்வையிலேயே விளக்கு என்னுடையதாகிவிட்டது. 'மொதலாளி, எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க' என்றாள். நான் ஏன் சொல்லப்போகிறேன்? சேகரிப்பாளனுக்கு மழையைப் போல நல்ல தரகன் கிடையாது."

இதைத்தான் மேடையில் வாசித்தேன். கைதட்டினார்கள்.

இப்போது அந்தத் தாய் இந்தப் புத்தகத்தைக் கேட்கிறார். ஒரு வரி விடாமல் வாசிப்பாராம். அந்தப் பிள்ளைக்கு இன்று ஒரு பதில் போட்டேன். உண்மையைத்தான் எழுத உட்கார்ந்தேன். கை வேறு எதையோ எழுதிவிட்டது. மார்க்கத்தை வேறு துணைக்கு இழுத்திருக்கிறேன். தபாலில் போட்டுவிட்டு வந்து முகம் கழுவினேன், அப்போதும் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அச்சடித்து, அட்டை போட்டு, விலை வைத்துக் கெட்டிருக்கிறேன்.

என்ன செய்ய?

முனாப்


கல்முனை
20.07.2023

தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம். நீ சாப்பிடுகிறாயா?

தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லையே, அதை நீ கவனிக்கவே இல்லையா? மச்சானுக்கு வாசிக்கத் தொடங்கினேன். "தகரத்தைப் பார்த்த பார்வை" என்ற இடத்தில் கண்ணாடி அழுக்காயிருக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

பிங்கா ஓயா பெருகி வாப்பாவின் கடைக்குள் வெள்ளம் வந்த வருஷம் உனக்கு நினைவிருக்காது, நீ சின்னவன். உம்மா தன் காதுப்பூவைக் கழற்றிக் கொடுத்துத்தான் அந்த மாதம் அடுப்பு எரிந்தது. வாங்க வந்த மனிதர் வாசலில் நின்றபோது உம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்த மனிதர் குறைத்துத்தான் வாங்கினார். ஆனால் அவர் அதைப் புத்தகத்தில் எழுதவில்லை.

இவ்வளவுதான் எனக்குச் சொல்ல முடியும். என்ன செய்வது என்று நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதே, அது மட்டும் தெரியும்.

ராத்தா


அம்பிட்டிய
10.09.2023

மதிப்புக்குரிய முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வேலைகளுக்கு நடுவில் தொந்தரவு செய்வதாக எண்ணவேண்டாம்.

புத்தகம் இன்னும் வரவில்லை. தபாலில் தவறியிருக்குமோ என்று அம்மா கேட்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கேட்கிறார். கண்டியில் கடையில் கிடைக்கிறதுதான். ஆனால் அவருக்கு உங்கள் கையால் வந்ததுதான் வேண்டுமாம்.

தங்கை நிலூஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தை மாதம்.

இங்கே நல்ல மழை. இப்போது எங்களுக்குக் கொங்கிறீட் மேல்தளம், ஒழுகாது. ஆனாலும் மழைச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து மேலே பார்ப்பார். தகரத்தில் இருந்த துளைகளைத் தாரும் பழந்துணியும் வைத்து நானும் அப்பாவும்தான் அடைத்தோம். அப்பா கீழே நின்று தாரைக் காய்ச்சிக் கொடுக்க, பாரம் குறைந்தவன் என்று நான் மேலே ஏறினேன். ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தகரக்காரரான உங்களுக்குப் புரியும் என்று நினைத்திருக்கலாம்.

கிருஷாந்தன்


அக்குறணை
02.10.2023

அன்புத் தம்பி கிருஷாந்தனுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். தாயாருக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள். மழைக்குக் காய்ச்சல் பரவுகிறது, அவரைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தைக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அச்சகத்தார் கவனக்குறைவால் சில பிரதிகளில் ஒரு தாள் விடுபட்டிருப்பதாகத் தெரிகிறது. உங்கள் பிரதியிலும் அப்படி இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். முக்கியமான விஷயம் ஒன்றும் அதில் இல்லை.

தங்கையின் கல்யாணம் நல்லபடி நடக்கட்டும்.

முனாப்


அக்குறணை
20.11.2023

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சாப்பிடுகிறேன். மெஷினும் போடுகிறேன், போட்ட பிறகுதான் கடையில் பொடியன்கள் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரிகிறது.

நீங்கள் சொன்ன பூசணிக்காயை நான் சோற்றில் மறைக்கவில்லை, சவரப் பிளேட்டால் வெட்டிவிட்டேன். தொண்ணூற்று மூன்றாம் பக்கம் இருக்கும் தாளை அடியோடு ஒட்ட வெட்டி அந்தப் பிள்ளைக்கு அனுப்பினேன். பழியை அச்சகத்தின் தலையில் போட்டேன். தாள் குறைந்த புத்தகத்தை வாங்காதீர்கள் என்று அறிவுரை சொன்ன அதே புத்தகம்.

பிறகு கடைகளுக்கு ஆள் அனுப்பி விற்காமல் கிடந்த பிரதிகளைத் திருப்பி எடுத்தேன். கடை மூடிய பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டுகிறேன். மகன் ரிஸ்மி "வாப்பா, கட்டின புஸ்தகத்த ஏன் வெட்டுறீங்க? பிழை ஏதும் வந்திட்டா?" என்று கேட்டான். "ஓ, பெரிய பிழை" என்றேன். அவன் ஒரு பிளேட் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். வாசித்துவிடுவானோ என்று நான் தாள்களைக் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்தேன். பெற்ற பிள்ளைக்கு முன்னால் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைக்கவில்லை.

அம்பிட்டியவிலிருந்து ஒரு பதிலும் இல்லை. கிடைத்தது என்றுகூட எழுதவில்லை. தபால்காரர் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, அவமானமாகவும் இருக்கிறது. விளக்கை அலுமாரிக்குள் முகம் திருப்பி வைத்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை துணியில் சுற்றினேன். என்ன சொல்லிக் கொடுப்பது?

முனாப்


அம்பிட்டிய
10.01.2024

முதலாளி அவர்களுக்கு பேச்சியம்மா எழுதிக்கிறது.

நானும் பிள்ளைகளும் சொகம். நீங்களும் உங்க பிள்ளை குட்டிகளும் சொகமா இருக்கணும். கையெழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கங்க. மகனுக்குத் தெரியாம எழுதுறேன். பக்கத்து வீட்டு டீச்சர் வெலாசம் எழுதித் தந்தாங்க.

பேப்பர்ல அட்டைப் படத்தப் பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு, அது என் வெளக்குன்னு. தும்பிக்கை ஒடைஞ்ச ஆனை. எங்கம்மா எனக்குச் சீராக் குடுத்தது. எங்க வீட்டுக்காரர் ரோசக்காரர். பொண்டாட்டி சீர் வெளக்கக் குடுத்துக் கூரை போட்டான்னு லயத்துல பேசுனா அவரு தாங்கமாட்டாரு. அதனால வெளக்க மாத்தளைக் கோயிலுக்கு நேர்ந்துட்டேன்னு சொல்லிட்டேன். தகரத்த நீங்க தர்மமாத் தந்தீங்கன்னு சொல்லிட்டேன். சாமி பேரால ஒண்ணு, தர்மத்தின் பேரால ஒண்ணு. ரெண்டும் பொய்யி. பிள்ளைங்க அதயே நம்பி வளர்ந்துருச்சுங்க.

புத்தகம் வேணும்னு கேட்டது பயத்துலதான். நீங்க எதையாவது எழுதியிருப்பீங்களோன்னு. வந்ததும் மொதல் வரியிலருந்து கடைசி வரி வரைக்கும் வெரல் வச்சு வாசிச்சேன். வெளக்கு எப்படி வந்துச்சுன்னு ஒரு எடத்துலயும் இல்ல. என் மானத்தக் காப்பாத்திட்டீங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம்.

மகன் உங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கான். நீங்க கட்டாயம் வரணும்னு நிக்கிறான். வாங்க. ஆனா வெளக்கக் கொண்டுவந்துறாதீங்க. நல்ல மனசுல குடுக்கலாம்னு தோணும், வேணாம். படத்துல அவனுக்கு அடையாளம் தெரியல, நேர்ல பார்த்தா வெளங்கிடும். யாராவது தகரத்தப் பத்திப் பேசுனா தர்மந்தான்னு தலைய ஆட்டிருங்க.

நான் சொன்னது பொய்யா இருந்தாலும் மழை பேஞ்சப்பல்லாம் உங்களுக்காக வேண்டிக்கிட்டது நெசம். ஓட்டைத் தகரம்னாலும் என் பிள்ளைங்க அதுக்குக் கீழதான் தூங்குனுச்சுங்க.

பேச்சியம்மா


அக்குறணை
06.02.2024

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் காலுக்கு அனுப்பிய எண்ணெய் கிடைத்ததா? சூடு காட்டிப் பூசுங்கள்.

நான் அனுப்பிவைத்த பேச்சியம்மாவின் கடிதத்தை நீங்களும் வாசித்திருப்பீர்கள். "என் மானத்தக் காப்பாத்திட்டீங்க." வெட்டிய தாள்கள் இன்னும் மேசைக்குக் கீழே கட்டாகக் கிடக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போனேன். கண்டிக் கடையில் ஒரு புதுக் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போனேன். புதுப் பித்தளையை என் புத்தகத்தில் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். வேறு எதையும் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

வாசலில் கிருஷாந்தன் நின்றான். நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளை. "வாங்க மொதலாளி" என்று என் கையைப் பிடித்து முன்வரிசைக் கதிரையில், அவன் தகப்பன் இராமகிருஷ்ணனின் படத்துக்கு நேர் எதிரே உட்கார வைத்தான். பிறகு ஒவ்வொருவராகக் கூட்டிவந்தான். "இவங்கதான் நம்ம கூரை மொதலாளி." தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க குடுத்த தகரம் இன்னும் எங்க ஆட்டுக் கொட்டில்ல கெடக்குங்க, சாமான்னா அந்தக் காலத்துச் சாமான்" என்றார். நான் தலையை ஆட்டினேன். மெஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அப்போதும் அவர்கள் கும்பிடுவது தெரிந்தது.

மேடையிலிருந்து நான் எழுதியதை வாசித்துக் கைதட்டு வாங்கினேனே, அந்த மண்டபத்தில் எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை. இந்த மண்டபத்தில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை, ஆனாலும் கதிரையில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

பேச்சியம்மா சின்ன உருவம். புது விளக்கை இரண்டு கையாலும் வாங்கினார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லா மினுங்குது" என்றார். பிறகு மகனுக்குக் கேட்கும்படி, "மொதலாளிக்குக் குடுக்குற கை" என்றார். எனக்கு அங்கேயே விழுந்து அழவேண்டும் போலிருந்தது. இலையில் சோறு போட்டார்கள். அவரே பக்கத்தில் நின்று பாயசம் ஊற்றினார். எல்லாவற்றையும் சாப்பிட்டேன், ராத்தா. மிச்சம் வைக்க எனக்கு என்ன உரிமை?

இனி நான் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் நான் தர்மவான்.

முனாப்


அம்பிட்டிய
25.02.2024

முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். கல்யாணத்துக்கு வந்து கௌரவித்ததற்கு எல்லோரும் நன்றி சொல்லச் சொன்னார்கள். நிலூஷா புகுந்த வீட்டில் சந்தோஷமாக இருக்கிறாள். அம்மாவுக்குக் கொஞ்சம் இருமல், மற்றபடி சுகம்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் புத்தகத்தை நான் ஓகஸ்ட் மாதமே கண்டியில் வாங்கிவிட்டேன். நீங்கள் அலைய வேண்டாம் என்று எழுதியதால்தான் தேடிப் போனேன். கடையில் நின்றபடியே தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தை வாசித்தேன். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அக்குறணைக்கு பஸ் ஏறினேன். உங்கள் வாடிக்கையாளர்களுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கவேண்டும் என்றுதான் வந்தேன். உங்கள் கடைக்கு எதிரே நின்றேன். நீங்கள் காதுக்குப் பின்னால் கையை வைத்து ஒரு கிழவரிடம் ஏதோ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். வாசித்தாலும் உங்களுக்குக் கேட்காது என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். செப்டெம்பர்க் கடிதத்தில் தாரையும் துணியையும் பற்றி எழுதியது உங்களுக்கு உறைக்கிறதா என்று பார்க்கத்தான்.

பிறகு நீங்கள் அனுப்பிய பிரதி வந்தது. அச்சகத்தின் தவறு என்று எழுதியிருந்தீர்கள். மருந்துக் கடையில் நாள் முழுவதும் பிளேட்டால் அட்டை வெட்டுகிறவன் நான். உங்கள் வெட்டு நேராக இல்லை, பக்கத்துத் தாளையும் கீறியிருந்தது. கூசிக் கூசி வெட்டியிருக்கிறீர்கள். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் உங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். என் பிரதியிலிருந்த தாளையும் நானே வெட்டிவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு புத்தகங்கள், இரண்டிலும் அது இல்லை.

அம்மா இன்னும் தர்மம் என்றுதான் சொல்கிறார். அப்பாவுக்காகச் சொன்ன பொய். அதை நான் உடைக்கமாட்டேன், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியவும் வேண்டாம். ஆகவே நீங்கள் எங்கள் வீட்டில் அப்படியே தர்மம் செய்த முதலாளியாக இருந்துகொள்ளுங்கள். அது உங்களுக்குச் சுகமாயிராது என்று கல்யாணத்தன்று உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

விளக்கு உங்களிடமே இருக்கட்டும். விற்றுவிடாதீர்கள், யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவின் காலத்துக்குப் பிறகு நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அதுவரை ஒன்று மட்டும் செய்யுங்கள். கூடாது என்று உங்கள் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் அதைப் புளி போட்டுத் துலக்குங்கள். அம்மா அப்படித்தான் வைத்திருந்தார்.

இரா. கிருஷாந்தன்